ஷியுங் வான் பூனைக்குப் பத்தியம்

ஹாங்காங்கில் மாடி வைத்த டிராமில் ஏறி ஷியுங் வானில் இறங்குங்கள். கண்ணுக்கு முன்னால் மூக்கு ஊரைத் தெரிந்துகொள்ளும். காய்ந்த இறால், சிப்பி, கடல்குதிரை, சாக்குச் சாக்காக வேர்... கருவாட்டுக் கடையும் நாட்டு மருந்துக் கடையும் தெருத்தெருவாக. பல கடைகளில் கல்லாப் பக்கம் முதலாளி தோரணையில் ஒரு பூனை. எலி பிடிக்க வேலைக்குச் சேர்ந்தது, இப்போது டூரிஸ்டுகளுக்கு போஸ் கொடுக்கிறது.

கோ ஷிங் தெரு மூலிகைக் கடை ஒன்றில், பெரியவர் ஒருவர் வேகவைத்த கோழியை விரலால் சூடு பார்த்துப் பார்த்துத் தம் பூனைக்கு வைத்துக்கொண்டிருந்தார். கூட வந்த நண்பர் கான்டனீஸில் விசாரித்துச் சொன்னார்: "வயிறு பானையாம். மண்ணீரல் அடுப்பாம். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து ஜில்லுனு கொட்டினா அடுப்பு அணைஞ்சுடாதாங்கறார்."

சிரிக்காதீர்கள். வயிறு, மண்ணீரல் இரண்டையும் பற்றியே 1249-ல் லி டோங்யுவான் என்ற வைத்தியர் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஆட்டுக்கறி சூடு, கோழி இளஞ்சூடு, வாத்து குளிர்ச்சி என்று சீனத்தில் பெரிய பட்டியலே உண்டு. அட, நம்ம பாட்டி கட்சி!

எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. எங்கள் நாய் மணிக்கு மாதம் இரண்டு முறை வயிற்றுப்போக்கு. மருந்து கேட்டேன். பெரியவர் பதிலுக்குக் கேள்வி கேட்டார்.

"நாய் வெயிலைத் தேடிப் படுக்குதா, குளிர்ந்த தரையைத் தேடிப் படுக்குதா?"

வெயில் என்றால் உள்ளே குளிர்ச்சியாம். கோழி, அரிசிக் கஞ்சி, பூசணி, எல்லாம் வெதுவெதுப்பாக. தரையைத் தேடி, போவதும் நாற்றமடித்தால் 'ஈரச்சூடு'. அதற்கு வாத்து மாதிரி குளிர்ச்சி அயிட்டம்.

எனக்குப் பதில் தெரியவில்லை ஸார். நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

ஊர் திரும்பியதும் கால்நடை டாக்டரிடம் ஓடினேன். சூடு, குளிர்ச்சியை அளக்க அவரிடம் மீட்டர் இல்லை. முதலில் மலத்தைப் பரிசோதித்தார். குடல்புழு! மாத்திரை கொடுத்துவிட்டு, சில நாளைக்கு உப்பு, மசாலா போடாத வேகவைத்த கோழியும் குழைந்த சாதமும் கொடுக்கச் சொன்னார். சீனப் பெரியவர் மெனுவேதான். வெங்காயம், பூண்டு மட்டும் கூடவே கூடாது. நாய், பூனை இரண்டின் ரத்தத்தையும் கெடுக்கும். பூனைக்குக் கஞ்சியே சாப்பாடாகிவிடக் கூடாது. இறைச்சியில் கிடைக்கும் டாரின் இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் போகும். வளர்ந்த பூனை பலதுக்குப் பால்கூட ஒத்துக்கொள்ளாது. ரத்தம் போனாலோ, சோர்ந்து படுத்தாலோ பத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டர்தான்.

இப்போது தினமும் மணியைக் கவனிக்கிறேன். வெயில்தான் தேடுகிறான். டயரியில்கூடக் குறித்து வைத்திருக்கிறேன்.

டயரியைப் பார்த்த மனைவி கேட்டாள்: "எனக்கு ரெண்டு வாரமா வயிறு சரியில்லைங்கறது எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"