சட்டாம்பிள்ளைக்கு யார் பாடம் எடுப்பது?

கேட் ஸ்கோரோடு எம்.இ. சேர்ந்தவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. சும்மா வர்ற காசு இல்லை. வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் துறை கொடுக்கிற கற்பித்தல், ஆராய்ச்சி வேலைகளைச் செய்யணும் என்பது விதி. நடைமுறையில் அதுக்கு ஒரே அர்த்தம், யு.ஜி. லேப். செகண்ட் இயர்ல நீங்க கையைத் தூக்கி "மேம், அவுட்புட் வரல"ன்னு கூப்பிட்டபோது வந்து நின்ற ஆள் பெரும்பாலும் மேம் இல்லை, என்னை மாதிரி ஒரு பி.ஜி. அக்காதான். (மேமா, அக்காவான்னு முடிவு பண்ண முடியாம "ஹலோ"ன்னு கூப்பிட்டவங்களும் உண்டு. பரவாயில்லை, மன்னிச்சாச்சு.)

முதல் நாள் என் கையில் கொடுத்தது மூணு பொருள்: லேப் மேனுவல், அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர், காம்போனென்ட் பீரோ சாவி. முப்பது பேர் முன்னாடி எப்படி நிக்கணும், தெரியாதுன்னு சொல்றவன்கிட்ட அடுத்து என்ன கேக்கணும், வைவாவில் வாயே திறக்காத பொண்ணுக்கு எப்படி மார்க் போடணும், இதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது.

எங்க பெரியம்மா பொண்ணு பி.எட். படிக்கிறாள். ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க ஒரு டிகிரி, அதுக்கு மேல ரெண்டு வருஷம் பி.எட்., அப்புறம் டெட் தேர்வு. நான் பாடம் நடத்துகிற பிள்ளைகளுக்கு வயசு பத்தொன்பது. எனக்குத் தேவைப்பட்ட தகுதி, பீரோ சாவி. புது ஆசிரியர்களுக்குன்னு ஏ.ஐ.சி.டி.இ. எட்டு மாட்யூல் பயிற்சி ஒண்ணு வெச்சிருக்குது, உண்மைதான். ஆனா அது வேலையில் சேர்ந்தவங்களுக்கு. பாதி மாணவர், பாதி வாத்தியார்னு தொங்குகிற எங்களுக்கு இல்லை.

பொங்கல் லீவுக்குத் திருப்பனந்தாள் போனபோது இதை அவளிடம் புலம்பினேன். வீட்டில் எல்லாரும் வேற கவலையில் இருந்தாங்க. சம்பா அறுப்புக்கு மிஷின் எப்ப வரும்னு அப்பா போனும் கையுமா அலைஞ்சார். அக்கா மட்டும் முழுசாக் கேட்டுட்டு, "திண்ணையில உக்காரு, மைக்ரோ டீச்சிங் பண்ணலாம்"னாள்.

பி.எட். படிச்ச யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க. அஞ்சாறு நிமிஷப் பாடம். முன்னாடி உட்காரும் மாணவர்கள் உண்மையில் கூடப் படிக்கிறவங்க. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திறன்தான்: பாடத்தை ஆரம்பிக்கிறது, உதாரணம் சொல்றது, தோண்டித் தோண்டிக் கேள்வி கேக்கிறது, இப்படி. பாடம் முடிஞ்சதும் விமர்சனம். அதை வெச்சு மாத்தி, அதே பாடத்தை உடனே மறுபடி எடுக்கணும். 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை இது. இன்னிக்கு நம்ம ஊர் பி.எட். கல்லூரிகளில் தினசரிச் சங்கதி. பொறியியல் கல்லூரி வாசல் மட்டும் இன்னும் அதுக்குத் திறக்கலை.

திண்ணையில் என் வகுப்பு: 84 வயசுத் தாத்தா, ஒன்பதாவது படிக்கிற சித்தி பையன், நோட்டோடு அக்கா. தலைப்பு, டிரான்சிஸ்டருக்கு பயாஸிங் எதுக்கு. அக்கா போட்ட விதி ரெண்டே ரெண்டு. கேள்வி கேட்டதும் மனசுக்குள்ள மூணு வரை எண்ணணும். அடுத்தவன் வேலையில் கை வைக்கக் கூடாது, ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னாடி. முதல் விதிக்கு ஆராய்ச்சிப் பின்னணி உண்டு. மேரி பட் ரோ என்கிற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூணு விநாடியாக்கினால் பதில்கள் நீளுது, "தெரியாது" குறையுது, பேசாத பிள்ளைகளும் பேசுறாங்கன்னு கண்டார்.

மூணு விநாடி எவ்வளவு நீளம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. "சின்ன சிக்னல் மேலயும் கீழயும் ஆடுது. ரெண்டு ஆட்டமும் அவுட்புட்ல தெரியணும்னா டிரான்சிஸ்டர் எந்த நிலையில இருக்கணும்?"னு கேட்டுட்டு நிறுத்தினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. தாத்தா மெதுவா, "மதகுப் பலகையை முழுசா எறக்கி வெச்சிருந்தா அதுக்கு மேல எறக்க முடியாது. முழுசாத் தூக்கியிருந்தா மேல தூக்கி பிரயோசனம் இல்ல. பாதியில நிறுத்தி வெச்சாத்தானே ரெண்டு பக்கமும் கூட்டிக் கொறைக்கலாம்?"னார். கலெக்டரில் சப்ளை வோல்டேஜில் பாதி இருக்கணும் என்று மேனுவல் சொல்வது இதைத்தான். என் செமினார் ஸ்லைடுகளை விட அது நல்ல விளக்கம், இப்பவும் லேபில் அதையேதான் சொல்றேன்.

பாடம் முடிஞ்சதும் தாத்தா, "ஆக, நீ சட்டாம்பிள்ளை"ன்னார்.

இப்ப அது திட்டு வார்த்தை ஆயிடுச்சு. அதிகாரம் பண்றவனைத்தான் அப்படிச் சொல்றோம். தாத்தா படிச்ச திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அது ஒரு பொறுப்பு. மணலில் எழுத்து எழுதப் பழகும் சின்னப் பிள்ளைகளை, முன்னாடியே தேறின பெரிய பையன் பார்த்துக்குவான். வாத்தியார் ஓரமாகச் சாய்ந்து கண்ணை மூடியிருப்பாராம். தூங்குறார்னு நினைச்சு சட்டாம்பிள்ளை ஏதாவது தப்பாச் சொல்லிக் கொடுத்தா, கண்ணைத் திறக்காமலே அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாராம். "கண்ணுதான் மூடியிருக்கும், காது மூடாது"ன்னு தாத்தா சொன்னார். எல்லாச் சட்டாம்பிள்ளையும் உத்தமன் இல்லை. பிரம்பை ஆசையாச் சுழற்றினவங்களும் இருந்தாங்க, முறுக்கு கொடுத்தா விட்டுடறவங்களும் இருந்தாங்க. ரெக்கார்டில் கையெழுத்துப் போடும் பேனா கையில் இருக்கிற எங்களுக்கும் அந்தச் சபலம் புதுசில்லை.

இந்தச் சட்டாம்பிள்ளை முறை உலகம் சுத்தின கதை சுவாரஸ்யமானது. 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஒருநாள் குதிரையில் போகும்போது, நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் செய்யச் சொன்னபோது உதவி ஆசிரியர்கள் சரிப்படாதுன்னுட்டாங்க. எட்டு வயசுப் பையன் ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1797-ல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்னிக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். ஆனா பெருமைப்படும் முன்னாடி ஒண்ணு. ஒரே ஆசிரியரை வெச்சு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம், செலவு மிச்சம் என்பதுதான் இங்கிலாந்தில் இது பிடித்துப்போக முக்கியக் காரணம். அந்தக் கணக்கு நமக்கும் பரிச்சயம்தான்.

எங்க ஊர்ப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கு. ஆடுதுறை தாண்டினால் திருவாவடுதுறை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-ல் பாடம் கேட்க வந்த உ.வே.சா., 1876-ல் ஆசிரியர் காலமான பிறகு, மடத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டுக்கொண்டே மற்ற மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். 1880-ல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழ் ஆசிரியராகப் போனபோது அவருக்கு வயசு 25. அதுக்கு முன்னாடி இருந்த நாலு வருஷத்தை இன்றைய பாஷையில் சொன்னால் டி.ஏ. வேலைதான்.

சட்டாம்பிள்ளைக்கும் சான்றிதழ் இல்லை, உ.வே.சா.வுக்கும் இல்லை. ஆனா அவங்க பாடம் சொல்லும்போது, அதே இடத்தில் அதைவிட நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார். எங்களுக்கு இல்லாதது அதுதான். ரெண்டு செமஸ்டரில் நான் லேப் எடுக்கிறதை ஒருநாள் கூட யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

லீவு முடிந்து வந்ததும் ஒரு தம்பி பத்தின கவலை காத்திருந்தது. தமிழ் மீடியம், முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப் போறவன். சி.இ. ஆம்ப்ளிஃபயர் மூணு வாரமா முடியலை. ரெக்கார்டு முடியலைன்னா பிராக்டிகல் எழுத முடியாது. "மெக்கானிக்கல் மாத்திக்கலாமான்னு பாக்கறேன்"னு நண்பனிடம் சொல்லியிருக்கிறான். அந்த வெள்ளிக்கிழமை அவன் மேசைக்குப் போய்க் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன்.

"பேஸ்-எமிட்டர்ல எவ்வளவு காட்டுது?"

மீட்டரை வெச்சான். "பூஜ்யம்."

"இருக்க வேண்டியது?"

எண்ணினேன். மூணு போயி ஆறு, ஏழு. பக்கத்து மேசையில் என்னைக் கூப்பிடுறாங்க. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "பாயிண்ட் ஏழு கிட்ட இருக்கணும்… அப்ப சப்ளையே இங்க வரலையோ?"ன்னான். தமிழில்தான் சொன்னான். மீட்டரை நகர்த்திக்கிட்டே போனான். பிரெட்போர்டின் மேல் வரிசையில் பாதி வரைக்கும் 12 வோல்ட், அதுக்கு அப்புறம் ஒண்ணுமில்லை. சில போர்டுகளில் அந்தப் பவர் வரிசை நடுவில் துண்டாக இருக்கும், ஒரு ஜம்பர் போடணும். மூணு வாரமா அவன் சர்க்யூட் சரியாத்தான் இருந்திருக்கு. ஜம்பரை அவனே போட்டான். சி.ஆர்.ஓ.வில் சைன் வேவ் எழும்பினதும் என்னைக் கூடப் பார்க்கலை, பக்கத்து மேசைக்காரனைத்தான் கூப்பிட்டான். அந்த வயரை நான் பிடுங்கிச் சொருகியிருந்தா முப்பது விநாடியில் முடிஞ்சிருக்கும், அவனுக்கு எதுவும் கிடைச்சிருக்காது.

வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். தாடகை மாலை சாத்த முடியாமத் தவிச்சப்போ எங்க ஊர் செஞ்சடையப்பர் தலையைச் சாய்ச்சுக் கொடுத்தாரே, அப்படியான்னு தாத்தா கேட்டார். எங்க ஊர்க்காரங்க எதையும் அந்தக் கோயிலில்தான் கொண்டு போய் முடிப்பாங்க.

2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. பிஎச்.டி. விதிமுறைகள், எந்தத் துறை ஆய்வாளராக இருந்தாலும் தன் பாடத்தைக் கற்பிப்பதில் பயிற்சி பெறணும்னு சொல்லுது. டியூட்டோரியல், லேப், திருத்தும் வேலைகளுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் ஒதுக்கலாம்னும் சொல்லுது. அமெரிக்காவில் எம்.எஸ். போன சீனியர்களைக் கேளுங்க. பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் தொடங்கும் முன்னாடியே டி.ஏ.க்களுக்குப் பயிற்சி, வெளிநாட்டு மாணவர்னா பேச்சு ஆங்கிலத் தேர்வும் சேர்த்து. இங்கே எம்.இ.க்காரங்களை யாரும் கணக்கில் எடுக்கலை. துறையில் எழுதிக் கொடுத்தோம். "பாக்கலாம்"னு பதில் வந்தது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நாலு வருஷம் இங்க படிச்ச எல்லாருக்கும் தெரியும்.

அதனால் நாங்க அஞ்சு பேர் நாங்களே ஆரம்பிச்சுட்டோம். சனிக்கிழமை மதியம் ரெண்டு மணி, சர்க்யூட்ஸ் லேப். ஒருத்தர் அஞ்சு நிமிஷம் எடுப்பார், மத்தவங்க செகண்ட் இயர் மாதிரி உட்காருவோம், ஒருத்தர் வேணும்னே புரியாத மாதிரி நடிப்பார் (இதுக்குப் போட்டி அதிகம்). விமர்சனம், மறுபடி அதே அஞ்சு நிமிஷம். அப்புறம், ஒருத்தர் லேபில் இன்னொருத்தர் மாசத்துக்கு ஒரு தடவை பின் பெஞ்சில் உட்கார்ந்து கேக்கிறது.

ஆகஸ்டில் புது எம்.இ. பேட்ச் வருது. இதைப் படிக்கிற பைனல் இயர்ல யாராவது அதில் இருந்தா நேரா லேபுக்கு வந்துடுங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பாடம் தயார் பண்ணிட்டு வாங்க, பி.பி.டி. வேண்டாம். சாக்பீஸ் நாங்க வெச்சிருக்கோம்.