எங்கள் தேயிலை போய்ச் சேர்ந்த வாவிக்கரை

பதுளைப் பக்கத்து ஆட்களுக்குக் கொழும்பு என்றால் கோட்டை ரயில் நிலையம், புறக்கோட்டைக் கடைகள், பெரியாஸ்பத்திரி, கடவுச்சீட்டு அலுவலகம், அவ்வளவுதான். காரியம் முடிந்ததும் இரவு ரயிலைப் பிடித்து மலையேறிவிடுவோம். கோட்டையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் பேரே வாவி கிடக்கிறது. அதன் கரையில் கொம்பனித்தெரு இருக்கிறது. ஊவாத் தோட்டங்களின் கதையில் பாதி அந்தக் கரையில்தான் நடந்தது என்பேன்.

ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும் காலத்தில் பறிக்கும் கொழுந்துதான் ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது. பசறையிலும் நமுனுகுலையிலும் ஸ்பிரிங்வெலியிலும் ஸ்டோரில் அரைத்து, சலித்து, மரப்பெட்டியில் அடைத்த தூள் முதலில் மாட்டு வண்டியில் இறங்கியது. 1894 இல் பண்டாரவளைக்கும் 1924 இல் பதுளைக்கும் ரயில் வந்தது. கொழும்பில் இறங்கிய பெட்டிகள் பேரே வாவியைச் சுற்றி நின்ற பண்டகசாலைகளில் அடுக்கப்பட்டன. 1883 இலேயே கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிவிட்டது. விலைபோன பெட்டிகளைத் தட்டையான சரக்குப் படகுகளில் ஏற்றி, வாவியிலிருந்து கால்வாய் வழியாகத் துறைமுகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூடையை முதுகில் மாட்டிக் கொழுந்து சுமந்தவர்கள் எங்கள் பாட்டிமார். அவர்கள் பறித்ததைப் பெட்டி பெட்டியாகத் தூக்கியவர்கள் வாவிக்கரையிலும் துறைமுகத்திலும் கூலிக்கு நின்ற தமிழர், மலையாளிகள், சிங்களவர், முஸ்லிம்கள். இரு பக்கத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாவியின் கதை தேயிலைக்கும் மூத்தது. கோட்டையைக் காக்கப் போர்த்துக்கேயர் தேக்கிய நீர் அது. பின்னால் வந்த ஒல்லாந்தர், ஆபிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் பிடித்து வந்த அடிமைகளை இரவில் வாவிக்குள் நீண்டிருந்த நிலத்தில் அடைத்தார்கள். தப்பி நீந்தாதிருக்கத் தண்ணீரில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்று ஒரு வழிவழிக் கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, கொம்பனித்தெருவின் ஆங்கிலப் பெயரில் அடிமை என்ற சொல் அண்மைக்காலம் வரை ஒட்டிக்கொண்டே இருந்தது.

இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 இல். அதே காலத்தில்தான் தமிழ்நாட்டு வறட்சியிலிருந்து எங்கள் முன்னோர் மன்னார்க் காடு வழியாகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தார்கள். வழிச்செலவே கடனாக விழுந்தது. அந்தக் கடனை எழுதிய ‘துண்டு’ 1921 வரை அவர்களைக் கட்டிவைத்தது. தோட்டம் மாறினாலும் துண்டு கூடவே போயிற்று. கொம்பனித்தெருவில் நடக்கும்போது என் மனத்தில் இந்த இரண்டு வரலாறுகளும் பிரிவதில்லை.

வெள்ளைக்காரர் ஆட்சியில் அங்கே மலாய்ச் சிப்பாய்கள் குடியமர்ந்தார்கள். 1873 இல் அவர்களுடைய படைப்பிரிவு கலைக்கப்பட்டது. குடும்பங்கள் போகவில்லை. மலே வீதி, ஜாவா ஒழுங்கை என்ற பெயர்களில் அவர்களுடைய தடம் இருக்கிறது. வேகந்தைப் பள்ளிவாசல் அதற்கும் முந்தியது, 1786 ஐச் சேர்ந்தது. பள்ளிவாசலின் பாங்கு கேட்கும் எல்லைக்குள் முருகன் கோயிலின் கோபுரம் நிற்கிறது. கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் மலையகப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து நிற்பதைப் பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. ஊரில் மாரியம்மனுக்குத் தேர் இழுத்த கைகள் அவை.

கொம்பனித்தெருவில் 1965 இல் திறந்த ரியோ திரையரங்கு ஒரு தமிழ்க் குடும்பத்தாருடையது. 1983 ஜூலைக் கலவரத்தில் அதைக் கொளுத்தினார்கள். அதே வாரம் எங்கள் பதுளைப் பட்டணத்திலும் தமிழர் கடைகள் எரிந்தன. ரயில் பாதையின் இரு முனையிலும் ஒரே தீ. ரியோவின் கருகிய சுவர்கள் பல ஆண்டுகள் வாவிக்கரையில் அப்படியே நின்றன.

இப்போது கரையின் முகம் வேறு. ஏறத்தாழ 350 மீட்டர் உயரத் தாமரைக் கோபுரமும் கண்ணாடிக் கட்டடங்களும் வாவியில் நிழல் விழுத்துகின்றன. மண் நிரப்பி நிரப்பி, வாவி முன்பிருந்த பரப்பில் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. நீர் பாசி பிடித்துப் பச்சையாக இருக்கிறது. கூழைக்கடாக்கள் மட்டும் விட்டுப் போகவில்லை. 2010 மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் குடியிருந்தவர்களின் வீடுகளை இடித்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்ந்த ஏழையை ஒரே நாளில் வெளியேற்ற முடிகிறது என்றால், அவனுடைய உழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு உரிமையைக் கொடுக்காத நாடு இது என்றுதான் பொருள். லயத்துக் காம்பிராவில் பிறந்து, காணி உறுதி இல்லாமலே செத்துப்போகும் எங்கள் சனத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நகர அபிவிருத்தியை நான் எதிர்க்கவில்லை. அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு அங்கேயே இடம் வைக்காத அபிவிருத்தி அநியாயம்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளைக் கொழும்புக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறீர்கள். மிருகக்காட்சிச்சாலைக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே அரை நாளைக் கொம்பனித்தெருவுக்கு ஒதுக்குங்கள். உங்கள் ஆத்தா பறித்த தேயிலை இந்தத் தண்ணீர் வழியாகத்தான் கப்பலுக்குப் போனது என்று வாவிக்கரையில் நிறுத்திச் சொல்லுங்கள். அங்கே மிஞ்சியிருக்கும் மலாய், தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்களின் முதியவர்களிடம் பிள்ளைகளைப் பேச விடுங்கள், கேட்டதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த முதியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.