தடைப்பட்ட இடத்தில் ஒரு கோடு

வீட்டுப்பாடம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மாணவர் முகம் வாடுவது ஏன்? தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலமெல்லாம் என்னைத் தொடர்ந்து வந்த வினா இது. அதற்கு விடை கற்பித்தவன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். நம் கல்லூரித் தமிழ்த்துறையில் பயின்று ஆசிரியப் பணியை நாடும் இளையோருக்குப் பயன்படலாம் என்று கருதி அதனை ஈண்டு எழுதுகிறேன்.

1997ஆம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையில், பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த ஓர் ஊரில் பணி. ஒரு குறட்பாவை அலகிட்டு வாய்பாடு எழுதி வருமாறு பணித்திருந்தேன். மறுநாள் ஒருவன் மட்டும் குறிப்பேட்டைக் காட்டவில்லை. காரணம் வினவினேன், தலைகுனிந்து நின்றான். “சோம்பேறி” என்று வகுப்பறிய ஏசி, பாடவேளை முடியும்வரை வெளியே நிற்க வைத்தேன்.

அன்று மாலை அவன் தெரு வழியே செல்ல நேர்ந்தது. திண்ணையில் தாய் பீடி சுற்ற, அவன் அருகமர்ந்து முனைகளை மடக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து ஒதுங்கினான். அந்தத் தாயோ, “வாங்க சார். நேத்து ராத்திரி பூரா இந்த நோட்டோடதான் முட்டிக்கிட்டு இருந்தான். சொல்லிக் கொடுக்க எங்களுக்கு என்ன தெரியும்?” என்றார்.

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தது. ஏழு சீர்களையும் பிரிக்க முயன்றிருந்தான். ஆனால் ஒற்றெழுத்து வந்த இடமெல்லாம் அதனைத் தனி அசையாக எண்ணியிருந்தான். ஆகவே எந்த வாய்பாடும் பொருந்தவில்லை. “ஒற்று தனித்து அசையாகாது; முன்னெழுத்தோடு சேர்ந்தே நிற்கும்” என்றேன். அவ்வளவுதான். விளக்கொளியில் என் கண்முன்னே ஏழு சீரையும் முடித்தான். நான் சோம்பல் என்று பெயரிட்டது, என் வகுப்பில் அவனுக்கு எட்டாமற்போன ஒரே ஒரு வாக்கியத்தை! மறுநாள் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன்.

பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993இல் நடுவண் அரசுக்கு அளித்த அறிக்கை, புத்தகப்பையின் சுமையைவிடப் புரியாமையின் சுமையே கொடிது என்று சுட்டியது. அதனை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். அந்தச் சுமையோடு இடநெருக்கடியும், வீட்டு வேலையும், ஐயம் கேட்க ஆளில்லாத நிலையும் சேரும்போது, மாணவன் குறிப்பேட்டைத் திறக்கவே அஞ்சுகிறான். திறக்காத நாள் கூடக்கூட அச்சமும் கூடுகிறது.

அன்பு மாணவர்களே! இதற்கு வழிகள் உண்டு. முதலாவது, அன்றைய பாடத்தை அன்றே தொடுங்கள். கற்றது தொடக்கத்தில்தான் விரைந்து மறக்கிறது என்பதை எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் வெளியிட்டார். இரண்டாவது, பெரிய வேலையைக் கூறுகளாக்குங்கள். முதலில் அசை, அது முடிந்தபின் சீர், அதன்பின் வாய்பாடு. அனைத்தையும் ஒருசேர மனத்தில் தாங்க முற்பட்டால் எவர்க்கும் தலை சுற்றும். மூன்றாவது, தடைப்பட்ட இடத்தில் ஒரு கோடிட்டு, புரியாததை வினாவாக எழுதி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். நண்பனின் ஏட்டைப் பார்த்து எழுதிய முழுமையைக் காட்டிலும், அந்தக் கோட்டோடு நிற்கும் அரைகுறையே மேல்.

ஆசிரியப் பெருமக்கள் அந்தக் கோட்டை மதிக்க வேண்டும். “ஏன் எழுதவில்லை?” என்பதற்கு மாணவன் வாய் திறப்பதில்லை, “எங்கே நின்றது?” என்று கேட்டால் விரல் வைத்துக் காட்டுகிறான். ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாலை நேரத்தில் ஓர் அறை, ஒரு விளக்கு, ஐயம் தீர்க்கக் கல்லூரி மாணவர் ஒருவர் ஆகிய இம்மூன்றும் தெருவுக்குத் தெரு அமைந்தால், சொல்லிக் கொடுக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள் தனித்து விடப்படமாட்டார்கள்.

அந்நாள் முதல் ஓய்வு பெறும்வரை, முடிக்கப்படாத குறிப்பேட்டிலும் நான் கையொப்பமிட்டேன், நின்ற இடத்தில் ஒரு கோடு இருந்தால்.