முன்கட்டை

ஸ்ரீவராகத்தில் லட்சுமி வராகர் கோயில் குளத்தை ஒட்டிய தெருக்களுள் ஒன்றில் எழுபத்து நான்கு வயதுப் பெரியவர் ஒருவர் வாழ்கிறார். அவருடைய இரும்பு அலமாரியில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும் பன்னிரண்டு போர்த் துப்பாக்கி ஒன்று, தேர்தல் காலங்களில் மட்டும் வெளியே வரும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைப்பது வழக்கம். 2024 மக்களவைத் தேர்தலில் கேரளம் ஏப்ரல் 26 அன்று வாக்களித்தது. அதற்கு முந்தைய மாதம் ஒப்படைப்பதற்காகத் துப்பாக்கியை எடுத்துத் துடைத்தபோதுதான் முன்கட்டையின் பின்முனையில் தொடங்கிய பிளவு பாதிவரை ஓடியிருப்பதை அவர் கண்டார். முந்தைய தேர்தலின்போது மயிரிழையாக இருந்த கோடு, இப்போது நகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

அந்தத் துப்பாக்கி ஒரு வின்செஸ்டர் மாடல் 12. அமெரிக்காவில் 1912-இல் அறிமுகமாகி அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்ட பம்ப் வகை. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1897-ஆம் ஆண்டு மாதிரியைத் திருத்தி, டி.சி. ஜான்சன் என்பவர் உருவாக்கியது. பெரியவரின் தந்தை பொன்முடி மலையில் தேயிலைத் தோட்டமொன்றில் அலுவலராக இருந்தவர். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது உறவினர்கள் எல்லைக்கு அந்தப் பக்கமும் அவர் குடும்பம் இந்தப் பக்கமும் ஆயின. ஏறத்தாழ அதே காலத்தில், ஊர் திரும்பிய ஆங்கிலத் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து துப்பாக்கி தந்தையின் கைக்கு வந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது சுடவில்லை. தந்தை இறந்த பிறகு உரிமம் மகன் பெயருக்கு மாறியது, மகனும் சுட்டதில்லை.

முன்கட்டை என்பது அந்தக் குடும்பத்துக்குள் புழங்கிய சொல். துப்பாக்கி என்ற பெயரே துருக்கியிலிருந்து பாரசீகம், இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. மலையாளத்தின் தோக்கும் அதே மூலத்தின் இன்னொரு கிளை. தோட்டாவுக்கு மலையாளி சொல்லும் சொல் திர. கடல் அலைக்கும் அதுவே பெயர். கருவியின் பெயர் கடல் கடந்து வந்தது; அதில் கைபடும் இடத்துக்கு மட்டும் வீட்டுச்சொல் ஒன்று அமைந்தது. கட்டை என்றால் மரம். முன்கட்டை என்றால் முன்னாலிருக்கும் மரம். தொழில்நுட்பச் சொல் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த மரத்தின் வேலை எளியது. குழலுக்கு அடியில் தோட்டாக்கள் அடங்கும் இன்னொரு குழாய் உண்டு. அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் உலோக உறையை முன்கட்டை போர்த்தியிருக்கிறது. இடக்கை அதைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் புதிய தோட்டா அறைக்குள் ஏறும். முதல் தோட்டாவைச் சுடுவதற்கு ஒரு விரல் போதும். இரண்டாம் தோட்டா அந்த மரத்தின் வழியாகத்தான் வரவேண்டும்.

மரம் பிளந்ததற்கும் காரணம் உண்டு. முன்கட்டை உள்ளே குடையப்பட்ட மெல்லிய மரக்குழாய். முன்முனையில் வெட்டுகளுள்ள ஒரு வளைய மூடி அதை உறையோடு இறுக்கிப் பிடிக்கும். பல ஆண்டுகளில் மரம் சுருங்கி அந்தப் பிடி தளர்ந்தால், ஒவ்வோர் இழுப்பிலும் மரம் தனியாக நகர்ந்து உலோகத்தில் மோதும். திருவனந்தபுரத்தின் இரண்டு பருவமழைகளில் ஊதும். மாசி பங்குனி வெயிலில் ஒடுங்கும். உலோகத்துக்குத் தடவிய எண்ணெய் உள்ளே ஊறி நார்களைத் தளர்த்தும். இறுதியில் நாரின் போக்கிலேயே விரிசல் ஓடும்.

மற்றொரு காலமாக இருந்தால் பிளவை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு துப்பாக்கிக்கு ஒரு தேவை முளைத்திருந்தது. அவருடைய மகள் நெடுமங்காடு வட்டத்தில், மலையடிவாரத்தில் கணவரோடு மரச்சீனியும் வாழையும் பயிரிடுகிறார். இரண்டு ஆண்டுகளாக அறுவடைக்கு முன்பே காட்டுப்பன்றிகள் நிலத்தைக் கிளறிவிடுகின்றன. பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை 2022 மே மாதம் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டே அதைச் செய்யவேண்டும். பல ஊர்களில் அத்தகையவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. எழுபது வயதைக் கடந்தவரோ, இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தவரோ வாரிசுக்கு அதை மாற்றித் தரலாம் என்கிறது 2016-ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின் 25-ஆம் விதி. பெரியவருக்கு இரண்டு தகுதியும் இருந்தன. மகள் கேட்டார்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. அவர் தினமும் வலம்வரும் கோயிலில் வராகர் இலக்குமியோடு வீற்றிருக்கிறார். பூமியை மேலே எடுத்துவந்த உருவம் அங்கே மூர்த்தி; பூமியைக் கிளறிப்போடும் அதே உருவம் மகளின் நிலத்தில் சேதம். வேட்டை அந்த நகரத்தில் சடங்காக மட்டுமே எஞ்சியிருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களில் பள்ளிவேட்டை நாளன்று அரச குடும்பத்தின் தலைவர் இளநீர்க்காய் ஒன்றின்மேல் அம்பெய்வார். அந்த ஊர்வலம் முடியும்வரை தெரு மூச்சடக்கி நிற்பதைச் சிறுவயது முதல் பார்த்தவர் அவர். காயில் அம்பு தைப்பதோடு முடிந்துபோகும் வேட்டையே தமக்குப் போதுமென்று பல ஆண்டுகளாக எண்ணியிருந்தார். கட்டையின் பிளவு அவருக்கு ஒரு சாக்காக உதவியது. ஓடாத துப்பாக்கியைக் கொடுப்பதெப்படி என்றார்.

“ஒட்டினா நிக்காதாப்பா?” என்று மகள் கேட்டார்.

“நிக்கும் மக்ளே. எப்ப விடும்னுதான் சொல்ல முடியாது.”

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு பழைய இரவு இருந்தது. பதினாறு பதினேழு வயதில் தந்தையோடு தோட்டத்தின் எல்லைவரை அவர் போயிருக்கிறார். தந்தை சுட்ட பன்றி விழாமல் எழுந்து ஓடியது. ஈரமான கையில் முன்கட்டை வழுக்கி இழுப்பு பாதியில் நின்றுபோக, இரண்டாம் தோட்டா ஏறவில்லை. அந்த இரவும் மறுநாள் பகலும் இருவரும் இரத்தத் தடத்தைத் தேடி நடந்தார்கள். மாலையில் ஓடைக்கரையில் கண்டபோது அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தந்தை அதை முடித்துவைத்துவிட்டு, வீடுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. சில நாள் கழித்து மட்டும் சொன்னார்: முதல் குண்டு பசிக்கு, இரண்டாவது குண்டு அந்தச் சீவனுக்கு.

ஆகவே பெரியவரைப் பொறுத்தவரை கேள்வி இரண்டாகப் பிரிந்தது. கொடுப்பதா, வேண்டாமா என்பது ஒன்று. கொடுப்பதானால், இழுக்கும்போது ஐயம் தரும் கட்டையோடு கொடுக்கலாகாது என்பது மற்றொன்று. மூன்று மாதம் அவர் முதல் கேள்வியைத் தள்ளிப்போட்டார். அதற்குள் மகளின் நிலத்தில் மற்றொரு விளைச்சல் போயிற்று; பக்கத்து நிலத்தில் யாரோ வைத்த சுருக்குக் கம்பியில் கால் அறுந்த பன்றி ஒன்று இரவெல்லாம் அலறிக் கிடந்ததாகவும் மகள் தொலைபேசியில் சொன்னார். மறுநாள் காலையில் பெரியவர் துப்பாக்கிக் கடைக்குப் போனார்.

துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே தெருமுனைத் தச்சரிடம் கொடுத்து முடிக்கும் காரியமல்ல இது. தேர்தலுக்காக ஒப்படைத்த அதே கடையில், அறுபதைத் தாண்டிய தொழிலாளி ஒருவர் இருந்தார், அவரும் நாகர்கோவில்காரர். வளைய மூடியைக் கழற்றும் சாவி அவரிடம் இல்லை. எஃகுக் குழாய்த் துண்டொன்றின் விளிம்பில் இரண்டு பற்களை அரத்தால் ராவி அவரே சாவியைச் செய்துகொண்டார். மூடி கழன்றதும் பழைய மரம் இரண்டாகவே கையோடு வந்தது. உட்புறம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. வெளிப்புறத்தில் சுற்றிலும் வெட்டிய வரிகள் இடக்கை படும் பக்கத்தில் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தன.

எந்த மரம் என்பதில் நீண்ட பேச்சு நடந்தது. வீட்டில் உடைந்த ஈட்டிமரக் கட்டிலின் கால் இருப்பதாகப் பெரியவர் சொன்னார். ஈட்டி கனம், முன்னும் பின்னும் ஓடவேண்டிய பொருளுக்குக் கனம் கூடாது என்றார் தொழிலாளி. தேக்கு மெல்லிய சுவராகக் குடையும்போது நாரோடு சிலும்பும். வீணைக்கு உகந்த பலாமரம் இலேசானது, ஆனால் மூடி இறுக்கும் இடத்தில் அமுங்கிவிடும். அக்ரூட் மரம்தான் உலகெங்கும் துப்பாக்கிக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் அது காஷ்மீரின் மரம். ஸ்ரீநகரின் ரெய்னாவாரியில் துப்பாக்கி செய்வோரின் பெயராலேயே ஒரு குடியிருப்பு அமைந்ததற்கு அந்த மரமும் ஒரு காரணமாக இருக்கலாம். இறுதியில் கடையின் மூலையிலிருந்தே மரம் கிடைத்தது. எப்போதோ கழித்துப்போட்ட துப்பாக்கி ஒன்றின் உடைந்த பின்கட்டை. யாருடையது என்று எவருக்கும் நினைவில்லை.

“பத்து நாப்பது வருசம் காஞ்ச மரம் அண்ணாச்சி. இனி இது ஊதாது, சுருங்காது” என்றார் தொழிலாளி.

நார் நீளவாக்கில் ஓடும்படி ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான துண்டை அறுத்தெடுத்தார். நடுவில் துளையிட்டு, சிறுகச் சிறுக விரித்தார். உலோக உறையின்மேல் விளக்குக்கரியைப் பூசி மரத்துக்குள் செருகி எடுப்பார், உள்ளே கறுப்புப் பட்ட மேட்டை மட்டும் சுரண்டுவார், மறுபடி செருகுவார். சுற்றிலும் சமமாகக் கரி ஒட்டும்வரை அந்த வேலை இரண்டு நாள் நடந்தது. ஓரிடத்தில் மட்டும் அழுந்தினால் அந்த இடத்திலிருந்தே அடுத்த பிளவு தொடங்கும் என்றார்.

வெளிவடிவத்துக்கு வந்தபோது அவர் கேட்ட கேள்விக்குப் பெரியவர் ஆயத்தமாக இருக்கவில்லை.

“யாரு கைக்கு அண்ணாச்சி?”

பழைய கட்டை குட்டையானது. வெகு முன்னால் அமைந்தது. நீண்ட கையுள்ளவருக்கே அது எட்டும். பிற்காலத்துத் துப்பாக்கிகளில் முன்கட்டை நீண்டு பின்னோக்கி வந்ததற்கு அதுவே காரணம். பெரியவர் சிறிது நேரம் பழைய மரத்தின் தேய்ந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்மேல் தந்தையின் கை இருந்தது. தம்முடைய கை ஒருபோதும் பதியவில்லை. பிறகு மகளுக்குத் தொலைபேசியில் சொல்லி, அடுத்த நாள் கடைக்கு வரச்சொன்னார். தொழிலாளி தோட்டா இல்லாத துப்பாக்கியை மகளின் தோளில் பொருத்தி, இடக்கை இயல்பாக வந்து நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்தார். புதிய கட்டை பழையதைவிட இரண்டு விரற்கடை பின்னோக்கி நீண்டது, சுற்றளவு குறைந்தது. ஆளிவிதை எண்ணெய் தடவி, ஒரு வாரம் நிழலில் காயவைத்தார்.

உரிமப் புத்தகத்தில் அந்தத் துப்பாக்கியின் அடையாளம் இரும்பில் பொறித்த எண் மட்டுமே. மரம் மாறியதால் அங்கே ஓர் எழுத்தும் மாறவில்லை. குடப்பனக்குன்னில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுப்பதற்கான விண்ணப்பத்தில் பெரியவர் கையொப்பமிட்டார். மகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழுக்குப் பெயர் கொடுத்தார். ஆணை வரும்வரை துப்பாக்கி கடையிலேயே இருக்கும்.

கையொப்பமிடும் முன் பெரியவர் மகளிடம் ஒரே நிபந்தனை வைத்தார். அடிபட்டு ஓடினால் தேடிப்போக வேண்டும்; எத்தனை நேரமானாலும். மகள் ஒப்புக்கொண்டார். பிறகு இருவரும் கோயில் வழியாகத்தான் வீடு திரும்பினார்கள். நடை சாத்தியிருந்தது. பெரியவர் வழக்கம்போல் வாசலில் நின்று கைகூப்பினார். அன்று வழக்கத்தைவிடச் சற்று நேரம் கூடுதலாக நின்றார். அவருடைய துணிப்பையில் பழைய கட்டையின் இரண்டு பாதிகளும் செய்தித்தாளில் சுற்றப்பட்டுக் கிடந்தன.