கோலிக்குண்டுகளும் ஒரு மெமோவும்

பொட்டி தட்டும் நண்பர்கள் மன்னிக்கவும். இன்றைக்கு உங்கள் ஏரியாவுக்குள் கொஞ்சம் நுழையப் போகிறேன். நான் படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி உத்தியோகம். கிளையில் சிவனே என்று இருந்தவனை நவி மும்பையில் இருக்கும் எங்கள் கணினிப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். புதிதாக வரும் திரைகளைத் தட்டிப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போடுவதுதான் வேலை.

அப்படி நான் கையெழுத்துப் போட்ட ஒரு திரையால், நாக்பூர் பக்கம் ஒரு கிளையில் கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு மெமோ போனது.

பணம் மாற்றும் திரை அது. கணக்கு எண்ணைத் தட்டி ஒரு கணம் நிறுத்தினால், கீழே கணக்குக்காரர் பெயர் வரும். அந்தப் பெண் கடைசி இலக்கத்தைத் தப்பாகத் தட்டி, உடனே திருத்தியிருக்கிறார். சரியான பெயர் வந்தது. பாஸ்புக்கைப் பார்த்து ஒத்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். பதினெட்டாயிரம் ரூபாய் வேறு யாருக்கோ போய்விட்டது. "சரியான பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன்" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை. மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். இருபது தடவை தட்டினேன். இருபது தடவையும் சரியான பெயர், சரியான கணக்கு. கவனக்குறைவு என்று எழுத வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் எங்கள் பிரிவில் நிரல் எழுதும் கோவில்பட்டிக்காரப் பெண் சொன்னார்: "சார், நீங்க ஒவ்வொரு நம்பரா தேடித் தேடித் தட்டுறீங்க. கவுன்ட்டர்ல க்யூ நிக்கும்போது அப்படியா தட்டுவாங்க?"

சொல்லிவிட்டு ஒரு தாளில் கோடு போட்டார். இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. ஒவ்வொரு சிறு கோடும் ஒரு துளி நேரம். எழுத்து வந்தால் அங்கே ஏதோ நடந்தது என்று அர்த்தம். செங்குத்துக் கோடு வந்தால் முடிந்தது, # வந்தால் பிழை. நூலில் கோர்த்த கோலிக்குண்டு மாதிரி இருப்பதால் இதற்கு மார்பிள் வரைபடம் என்று பெயராம்.

தட்டியது: --அ--ஆ------|
அ-வின் பதில்: -----1|
ஆ-வின் பதில்: -2|
திரையில்: ------21----|

அ என்பது தப்பான எண், ஆ திருத்திய எண். முதல் கேள்விக்குப் பதில் வர ஐந்து துளி ஆகிறது, இரண்டாவதற்கு ஒன்றே ஒன்று. ஆக, சரியான பெயர் முதலில் வருகிறது. அடுத்த துளியில் பழைய பதில் ஆடி அசைந்து வந்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் திரை பெட்டியில் இருந்த எண்ணைப் பார்க்காமல், கடைசியாக வந்த பதிலில் இருந்த கணக்குக்குப் பணத்தை அனுப்பியிருக்கிறது. அந்தப் பெண் பாஸ்புக்கைப் பார்த்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு இது சட்டென்று புரிந்ததற்குக் காரணம் பி.காம்.தான். வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட்டவர்களுக்குத் தெரியும். 28ஆம் தேதி எழுதிய காசோலை அடுத்த மாதம் பாஸாகும், 30ஆம் தேதி எழுதியது அன்றைக்கே பாஸாகும். எழுதிய வரிசை வேறு, வந்து சேரும் வரிசை வேறு. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அதே பாடத்தைக் கோலிக்குண்டில் படித்தேன் :-)

நிரலில் மாற்றம் ஒரே ஒரு சொல். ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்ற நூலகத்தில் மெர்ஜ்மேப் என்று இருந்ததை ஸ்விட்ச்மேப் ஆக்கினார். முன்னது எல்லாப் பதிலையும் வாங்கிக்கொள்ளும். பின்னது, புதுக் கேள்வி வந்ததும் பழையதைக் கைவிட்டுவிடும். எதிர்பார்ப்பு இப்போது ------2-----| என்று ஆனது. அந்த வரியையே சோதனையாக எழுதி வைத்தார். பழைய நிரலில் ஓட்டினால் தோற்கிறது, புதியதில் ஜெயிக்கிறது. நான் இருபது தடவை தட்டியும் பிடிபடாதது!

இந்தச் சோதனை ஓடுவது பொய்க் கடிகாரத்தில். டெஸ்ட் ஷெட்யூலர் என்று ஒன்று நேரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்கிறது. ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிநொடி. ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் திரை பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்க நான் கைக்கடிகாரமும் டீயுமாக உட்கார்ந்திருப்பேன். அதில் ஐந்து நிமிடம் என்று எழுதினால் கண் இமைப்பதற்குள் கடந்துவிடுகிறது.

சூட்சுமங்களும் உண்டு. ஒரே நேரத்தில் நடப்பவற்றை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். ஆனால் அந்த அடைப்புக்குறிகளும் நேரத்தைத் தின்னும், அடுத்த கோடுகளை எண்ணிப் போட வேண்டும். ப்ராமிஸ் என்ற வகை நிரல் இந்தப் பொய்க் கடிகாரத்துக்குக் கட்டுப்படாது. நிஜ சர்வர் எவ்வளவு தாமதிக்கும் என்பதையும் இது சொல்லாது. "இப்படி நடந்தால்?" என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் பதில் சொல்லும். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

சர்வர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அன்று இரண்டு கேள்விகள் போயிருந்தன, பதில்கள் தலைகீழ் வரிசையில் வந்திருந்தன. அந்தத் தாளையும் பதிவேட்டு நகலையும் இணைத்து, திரையைச் சோதித்து ஒப்புதல் கொடுத்தது நான்தான் என்றும் எழுதி மேலே அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் இரண்டு நாள் மேசை டிராயரில் வைத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ப்ரமோஷன் நேர்முகம் பக்கத்தில் இருந்தது.

மெமோ வாபஸ் ஆனது. என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். பணமும் திரும்பி வந்துவிட்டது. நாக்பூர் கிளைக்கு நானே போன் போட்டேன். இந்தியில் நான் கோலிக்குண்டை விளக்க ஆரம்பிக்கும்போதே அவர் குறுக்கிட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். நான் பார்த்த பெயர் சரிதானே?"

"சரிதான் மேடம்" என்றேன்.

வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் போனை வைக்கவில்லை.