கொத்து வண்டியில் ஜெனரேட்டர் நின்ற பிறகு

பொழுது சாய்ந்ததும் ஹட்டனைச் சுற்றிய ரோட்டோரங்களில் கொத்து ரொட்டி வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கும். நான் பேசிப் பார்த்தவர்களில் அநேகர் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழும்பு ஹோட்டல்களில் தகட்டடியில் நின்று தொழில் படித்துத் திரும்பிய பொடியன்கள். அடுப்புக்குக் காஸ் சிலிண்டர். வெளிச்சத்துக்கும் பிரிஜ்ஜுக்கும் பின்னால் கட்டியிருக்கும் பெற்றோல் ஜெனரேட்டர்.

அப்படி ஒருவர் ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு லித்தியம் பெட்டரி பூட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் டிக்கோயாப் பக்கம் போனேன். ‘டிமோ பட்டா’ லொறியைக் கடையாக மாற்றியிருந்தார். சாதாரண நாளில் டிக்கோயா. டிசம்பர் போயாவில் சிவனொளிபாத மலை சீசன் தொடங்கினால் வெசாக் வரைக்கும் நல்லதண்ணி. தகட்டில் நிற்பவர் அவருடைய மாமா. ரொட்டி வீசுவது தம்பி.

“மூணு வருஷம் அந்த மெசின் பக்கத்துலயே நின்னேன் அண்ணே. வீட்டுக்குப் போயி படுத்தாலும் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்” என்றார். அந்தச் சத்தத்தைவிட எனக்குப் பயம் தந்தது அவர் அடுத்துச் சொன்னது. மழை இறங்கினால் மூன்று பக்கமும் படங்கை இழுத்துவிடுவார்களாம். ஜெனரேட்டர் நனையக்கூடாது என்று அதையும் படங்குக்குள் நகர்த்துவார்களாம். தலை சுற்றும், வாந்தி வரும், களைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அது களைப்பு இல்லை, கார்பன் மொனொக்சைட். நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. வருஷத்தில் பாதி நாள் மழையும் மூட்டமும் இருக்கிற ஊரில் இது சின்ன விஷயமே இல்லை.

உயரம் வேறு. கடல் மட்டத்தில் இருந்து ஒவ்வொரு 300 மீற்றர் ஏறும்போதும் இப்படியான எஞ்ஜினின் பலம் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல். நுவரெலியா 1,868 மீற்றர். கொழும்பில் 2 கிலோவாட் தரும் மெசின் ஹட்டனில் எட்டில் ஒரு பங்கை இழக்கிறது, நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட. காற்று மெலிந்து கலவையில் பெற்றோல் கூடுவதால் பிளக்கில் கரி பிடிக்கும், புகை கறுக்கும். மலையில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் மெசின் தரமில்லை என்று திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். பாதிக் குற்றம் மலையினுடையது.

வண்டியைப் பெட்டரிக்கு மாற்றிக் கொடுத்தது நோர்வூட்டில் இருக்கும் ஒரு வயரிங் பாஸ். வேலை செய்த விதத்தை அவரே வந்து காட்டினார். முதலில் பெட்டரியைப் பற்றிப் பேசவே இல்லையாம். ஒரு அளவு மீற்றரைக் கொண்டுவந்து ஒவ்வொரு சாமானையும் அதில் செருகி எழுதியிருக்கிறார். எல்ஈடி பல்புகள் எல்லாம் சேர்த்து 50 வாட்ஸ். பிரிஜ் ஓடும்போது 120, ஆனால் பாதி நேரம்தான் ஓடும். புகை இழுக்கிற ஃபேன் 60. போனும் சின்னச் சின்ன சாமானும் 30. மிக்ஸி மட்டும் 600. இரவு முழுக்கச் சேர்த்தாலும் கால் மணி நேரம்.

“மிக்ஸி ஓடாட்டி எல்லாம் சேந்து 260 வாட்ஸ். அதுக்கு இவர் 2,000 வாட்ஸ் மெசினை ஆறு மணித்தியாலம் ஓட்டியிருக்கார். ஒரு ஆளை ஏத்திப் போக பஸ்ஸு ஓட்டின மாதிரி” என்றார் பாஸ்.

ஆறு மணித்தியாலத்துக்குக் கணக்குப் போட்டால் 1,350 வாட்-மணி, ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. அதற்கு 24 வோல்ற், 100 அம்பியர்-மணி லித்தியம் பெட்டரி ஒன்று. சுமார் இரண்டரை யூனிட் கொள்ளும், அதில் ஐந்தில் நாலு பங்கைத் தாராளமாக எடுக்கலாம். பிரிஜ்ஜின் கம்பிரசர் கிளம்பும்போது ஒரு கணம் ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதால் இன்வர்ட்டரை 2,000 வாட்ஸில் போட்டிருக்கிறார். இதற்கு முன்பு பழைய லொறி பெட்டரி இரண்டை வாங்கி ஓட்டிப் பார்த்து, சில மாதத்தில் அவை செத்துப்போன கதையும் உண்டு. எஞ்ஜினை உதைத்துக் கிளப்பச் செய்த பெட்டரியின் ஈயத் தகடுகள் மெல்லியவை. இரவெல்லாம் வடியவிட்டால் தாங்காது.

தகட்டையும் கரண்டில் ஓட்டலாமே என்று கேட்டேன். பாஸ் தலையாட்டினார். அந்தச் சூட்டை மணிக்கணக்கில் பிடித்து வைக்க இதைப் போல ஏழெட்டுப் பெட்டரி வேண்டும். சூட்டைக் காஸுக்கு விட்டு, மற்றதை மட்டும் பெட்டரிக்குக் கொண்டுவந்ததுதான் இந்த வேலையின் புத்தி. ஆனால் அதிலே ஒரு ஆபத்தும் இருக்கிறது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் படியும். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் பெட்டரியையும் இன்வர்ட்டரையும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், இடுப்பளவு உயரத்தில், சிலிண்டருக்கு எதிர்ப்பக்கம் பூட்டியிருக்கிறார். பியூஸ் பெட்டரியின் வாயிலேயே இருக்கிறது. அந்த மூலையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வயர் ஒவ்வொன்றும் கிளிப் போட்டு, மலைப் பாதைக் குலுக்கலில் உரசாதபடி குழாய்க்குள் ஓடியது. பத்திரிகையில் யாரும் எழுதாத கைத்திறன் இது.

ஏழு மணிக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். மாமா ரொட்டியை வெட்டத் தொடங்கினார். இரண்டு கத்தியும் மாறி மாறி விழும்போது முட்டைக்கு ஒரு தாளம், கோழிக் கொத்துக்கு ஒரு தாளம். ஜெனரேட்டர் இருந்த காலத்தில் ஓடர் எடுக்கக் கத்த வேண்டியிருந்ததாம். இப்போது மேல் லயத்துக்கே தகட்டுச் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் இறங்கி வருகின்றன என்று மாமா பெருமையோடு சொன்னார்.

செலவைக் கேட்டேன். முன்பு இரவுக்கு நாலு லீற்றர். 2025இல் பெற்றோல் விற்ற விலைக்கு 1,200 ரூபாய் அளவில் வரும். இப்போது சார்ஜ் பண்ண இரண்டு யூனிட்டுக்குள். யூனிட் 50 ரூபாய் என்று வைத்தாலும் நூறுதான். பெட்டரி, இன்வர்ட்டர், கூலி எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்தை ஒட்டி வந்ததாம். தொழில் ஒழுங்காக நடந்தால் ஒரு வருஷத்துக்குள் போட்ட காசு திரும்பும். ஆனால் அந்த மூன்று லட்சத்தை அவர் நகை அடகு வைத்துத்தான் புரட்டியிருக்கிறார். லயக் காம்பிராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லை; ஈடு கேட்கும் கடன் அவருக்குத் திறக்காது.

சார்ஜ் பண்ணுவது வீட்டில். அங்கேதான் சிக்கல். வீட்டு மின் கட்டணத்தில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் பட்டியலே மாறிவிடும். பெட்டரி மட்டும் மாதம் 45 யூனிட் குடிக்கிறது. வீட்டுப் பாவனையோடு சேர்ந்து வரம்பு தாண்டுகிறது. அம்மாவின் பில்லும் சேர்ந்து ஏறுகிறது. வீட்டு மீற்றரை வியாபாரத்துக்குப் பாவிப்பது சரிதானா என்ற பயமும் அவருக்கு இருக்கிறது. கூரையில் சோலார் போடலாம் என்பார்கள். ஜூனில் தென்மேல் பருவமழை இறங்கிய பிறகு இந்தப் பக்கத்தில் வெயிலை நம்பித் தொழில் நடத்த முடியாது.

பழைய ஜெனரேட்டரை அவர் விற்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது பல ஊர்கள் இருட்டில் கிடந்தன. அப்படியான நாளுக்கு அது வேண்டும். அவர் செய்வது சரி.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் இந்த ரோட்டில்தான் இருக்கின்றன. மவுஸ்ஸாக்கலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. லக்ஷபானப் பக்கத்து மின் நிலையங்கள் இந்தத் தண்ணீரில்தான் நாட்டுக்குக் கரண்ட் கொடுக்கின்றன. அந்தக் கரண்டில் ஒரு துளியை மீற்றர் வைத்து, காசு வாங்கிக்கொண்டே, வண்டிக்காரர்களுக்குத் தரலாம். ஹட்டன்–டிக்கோயா நகரசபையும் நோர்வூட், மஸ்கெலியா பிரதேச சபைகளும் வண்டிகள் நிற்கும் இடங்களில் ஆளுக்கு ஒரு மின்கம்பத்தில் பூட்டுப் போட்ட நாலு பிளக் பொயின்ற் வைத்துக் கொடுக்கட்டும். நல்லதண்ணியில், அடுத்த சீசனுக்கு முன்பே அதைத் தொடங்க வேண்டும்.