மாடு மீட்டவர்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். அர்ஜுனன் மாதிரி ஒருத்தன் நிஜத்தில் இருந்திருப்பானா என்று போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. இருந்தான், நம் செங்கம் பக்கத்திலேயே இருந்தான்.

சின்ன வயதில் என் மடியில் தூங்கி வழிந்தபடி 'மாடுபிடி சண்டை' கூத்துப் பார்த்தாயே, அந்தக் கதைதான். மழை வேண்டி மகாபாரதத்தின் விராடபருவம் வைப்பார்கள். கௌரவர்கள் விராட மன்னனின் மாடுகளை ஓட்டிப் போகிறார்கள். இளவரசன் உத்தரன் வாய்ச்சவடால் அடித்துக்கொண்டு கிளம்பி, படையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பிருகன்னளையாக மாறுவேடத்தில் இருக்கும் அர்ஜுனன் அவனைத் துரத்திப் பிடித்துத் தேரோட்ட வைக்கிறான். வன்னி மரத்தில் ஒளித்த காண்டீபத்தை எடுத்து, எதிரிகளை அஸ்திரத்தால் மயங்க வைக்கிறான். மயங்கிக் கிடந்தவர்களின் மேலாடைகளை உத்தரன் உருவிக்கொண்டு வருவான். தங்கை பொம்மைக்குத் துணி கேட்டிருந்தாளாம்!

அர்ஜுனன் வீரன்தான், மறுக்கவில்லை. ஆனால் காண்டீபமும் அம்பு வற்றாத தூணியும் அக்கினி வாங்கிக் கொடுத்தவை. அன்று அவன் சாகமாட்டான் என்பது கூத்துப் பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்கென்னவோ, பயந்து ஓடியும் திரும்பி வந்து கடிவாளம் பிடித்த உத்தரன்மேல்தான் பிரியம்.

இனி நம் ஆள். மாடு கவர்வதை வெட்சி என்றும் மீட்பதைக் கரந்தை என்றும் சொன்னார்கள். அதில் விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள். அதுதான் நடுகல். கல்லைத் தேடிப் பார்ப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவதுவரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த கற்களில் ஒன்றில், தமிழி என்ற பழைய எழுத்திலேயே மாடுபிடிப் பூசல் பற்றிய செய்தி இருக்கிறது.

நம் செங்கம் பக்கத்தில், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற சேவகன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் செத்தான் என்கிறது கல். அஸ்திரமும் இல்லை, தேரும் இல்லை. போனால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று தெரிந்தே போயிருப்பான். ஓட்டிப்போனவை எருமைகள், மாப்பிள்ளை. பாலும் உழவும் அவற்றை நம்பித்தான்.

கல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். பாரதத்தில் மாடு போன சேதியை உத்தரனிடம் ஓடிவந்து சொன்ன இடையர் தலைவனுக்குப் பெயரே கிடையாது. இங்கே நாய்க்குக்கூட இருக்கிறது. எந்தப் புலவனையும்விட அந்தக் கல்தச்சன் நியாயஸ்தன்.

இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கற்களைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். நம் கொல்லைமேட்டுக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு விரற்கடை கனம் ஏறியிருக்கிறது, கீழே எழுத்து இருக்கிறதா என்று தெரியவில்லை. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பொங்கலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீயும் லீவு போட்டுவிட்டு வா.

அன்புடன்,
மாமா